எட்டு வாரம் ஒனேகின் படிச்சதும், பதினாலு வரிய தமிழ்ல எழுதப் பார்த்ததும்

முதல்லயே சொல்லிடறேன், இது விமர்சனம் இல்ல. செய்யுள்லயே எழுதின ஒரு நாவல நாங்க நாலு பேரு வாரம் ஒரு அத்தியாயம்னு குரூப் கால்ல உக்காந்து சத்தமா வாசிச்சோம், நடுவுல எனக்கு கிறுக்கு பிடிச்சு அதே அமைப்புல தமிழ்ல எழுத முடியுமான்னு இறங்கிட்டேன், அதுல எங்கெங்க சொதப்பினேன்ங்கற நோட்ஸ்தான் இது.

புத்தகம் ரஷ்யக் கவிஞர் புஷ்கினோட 'யெவ்கேனி ஒனேகின்'. 1823ல ஆரம்பிச்சு ஏழெட்டு வருஷம் இழுத்திருக்காரு, 1825லேர்ந்து அத்தியாயம் அத்தியாயமா வந்து 1833ல மொத்தமா ஒரே புத்தகமாச்சு. ஆரம்பிச்ச புதுசுல நண்பர் ஒருத்தருக்கு லெட்டர் போடும்போது, நான் எழுதறது நாவல் இல்ல, செய்யுள்ல நாவல், ரெண்டுக்கும் பேய் வித்தியாசம்னு சொல்லியிருக்காரு. அந்த பேய் வித்தியாசம் என்னன்னு எங்களுக்கு முதல் வாரம் சுத்தமா புரியல.

குரூப்ல ஒருத்தன் கவிதைன்னாலே கொட்டாவி விடற ஆளு. ஒரு அக்கா இருக்காங்க, அவங்க மரபுக் கவிதை நல்லா தெரிஞ்சவங்க, வெண்பால்லாம் உக்காந்த இடத்துல எழுதிடுவாங்க. இன்னொருத்தி த்ரில்லர் மட்டும் படிக்கறவ. நான் ரெண்டுங்கெட்டான். மொழிபெயர்ப்பு ரெண்டு வச்சிருந்தோம், ஒன்னு எதுகை இயைபெல்லாம் காப்பாத்தின இங்கிலீஷ், இன்னொன்னு எழுத்தாளர் நபகோவ் 1964ல போட்டது. அவரு ரைமே வேணாம், அர்த்தம்தான் முக்கியம்னு தூக்கிப் போட்டுட்டாரு, பதிலுக்கு கவிதையை விட பல மடங்கு பெருசா குறிப்பு எழுதி வச்சிருக்காரு. நபகோவ் வாசிச்சா எல்லாம் புரியுது ஆனா ஒன்னுமே கேக்கல, அடுத்தத வாசிச்சா கேக்குது ஆனா சில இடத்துல ரைமுக்காக எதையோ திணிச்ச மாதிரி நெருடுது. கடைசில ஒரு பத்தி (பதினாலு வரி சேர்ந்தா ஒரு பத்தி) ரைம்ல வாசிச்சுட்டு சந்தேகம் வந்தா நபகோவ பாக்கறதுன்னு முடிவாச்சு.

முதல் அத்தியாயம் திறந்த உடனே ஹீரோ ஒனேகின் குதிரை வண்டில போயிட்டிருக்கான், சாகக் கிடக்கற பெரியப்பாவ பாக்க. தலகாணிய சரி பண்ணி மருந்து குடுத்துட்டே மனசுக்குள்ள உன்ன எப்ப பேய் கொண்டு போகும்னு நினைக்கணுமேன்னு அலுத்துக்கறான். கொட்டாவி ஆளு இங்கயே நிமிந்து உக்காந்துட்டான், இது என்னடா கவிதைல இப்படி பேசறாங்கன்னு. அப்பறம் கதை நகரவே மாட்டேங்குது. ஆசிரியர் நடுவுல பூந்து தனக்கு பிடிச்ச பெண்களோட பாதங்களப் பத்தி பல பத்திக்கு புலம்பறாரு. த்ரில்லர்காரி செம கடுப்பு. எனக்கு அதுதான் ரொம்ப பிடிச்சுது, கதை சொல்றவரு பக்கத்துல உக்காந்து டீ ஆறற வரைக்கும் வெட்டிக்கதை பேசற மாதிரி.

நாலாவது வாரம் ஒரு காமெடி. அத்தியாயம் ஏழாவது பத்திலேர்ந்து ஆரம்பிக்குது. த்ரில்லர்காரி தன்னோட ஃபைல்ல பக்கம் காணோம்னு மறுபடி டவுன்லோட் பண்றா, அப்பவும் ஏழுதான். இன்னொரு பதிப்ப திறந்து பாத்தா அதுலயும் ஏழு. முதல் ஆறு பத்திய புஷ்கினே விட்டுட்டாரு, நம்பர மட்டும் அப்படியே வச்சுட்டாரு! முதல் அத்தியாயத்துலயும் சில இடத்துல வெறும் நம்பரும் புள்ளியும்தான் இருக்கும், அப்ப நாங்க கவனிக்காம தாண்டிட்டோம். இது தெரிஞ்ச பின்னாடி விட்டுப்போன இடம் வந்தா வாசிக்கறவங்க நம்பர மட்டும் சொல்லிட்டு ஒரு மூச்சு சும்மா இருக்கணும்னு ரூல் போட்டோம். ஆறு நம்பர வரிசையா சொல்லிட்டு அமைதியா இருந்தது கொஞ்சம் லூசுத்தனமாத்தான் இருந்துச்சு, ஆனா அதுக்கப்பறம் ஏழாவது பத்தி, ஒரு பொண்ண நாம எவ்ளோ குறைவா நேசிக்கறமோ அவ்ளோ சுலபமா அவளுக்கு நம்மள பிடிச்சுடும்னு வந்து விழுந்தப்ப எல்லாருக்கும் சிரிப்பு.

அதே அத்தியாயத்துலதான் என்ன இறக்கிவிட்ட இடமும். குளிர்காலம் வருது, ஒரு வரி 'மரோசி'ன்னு முடியுது, அதாவது கடுங்குளிர். அடுத்து ஆசிரியர் அடைப்புக்குறிக்குள்ள, வாசகருக்கு இப்ப 'ரோசி' வேணும், ரோஜா, ரைமுக்காக காத்துட்டிருக்காரு, இந்தாங்க சீக்கிரம் புடிங்கன்னு குடுத்துட்டு போயிட்டே இருக்காரு. அந்த வரிய ரஷ்யன் ஆடியோல தேடிப் பிடிச்சு நாலஞ்சு தடவ கேட்டோம். அர்த்தம் தெரியாமலே மரோசி ரோசி மட்டும் காதுல விழுந்துச்சு. அக்கா அப்ப சொன்னாங்க, "தம்பி, இத தமிழ்ல பண்ணா ஜோக் வரி முடிவுல வராதுடா, தலைலதான் வரும்." எனக்கு அன்னைக்கு அது ஏறல. பட்டாதான் புத்தி வரும்.

அந்த பத்தியோட கட்டமைப்பு இதான். பதினாலு வரி, வரிக்கு நாலு அடிப்பு, அதாவது அழுத்திச் சொல்ற நாலு இடம். முதல் நாலு வரில ஒன்னும் மூணும் சேரும், ரெண்டும் நாலும் சேரும். அடுத்த நாலு ஜோடி ஜோடியா. அதுக்கடுத்த நாலுல வெளிய ரெண்டும் உள்ள ரெண்டும், அதாவது ஒம்பதும் பன்னெண்டும், பத்தும் பதினொன்னும். கடைசில ஒரு ஜோடி, அங்கதான் பெரும்பாலும் ஊசி குத்தறாரு. அதோட ஆறு வரி மெத்துனு அழுத்தமில்லாத அசைல முடியும், எட்டு வரி டக்குனு அழுத்தத்துல நிக்கும். எண்ணிப் பாத்தா மொத்தம் 118 அசை. ஒவ்வொரு பத்தியும் இதே 118, கதை சண்டைக்கு போனாலும் சரி சாப்பாட்டுக்கு போனாலும் சரி. ஆசிரியரே இத உடைக்கற முக்கியமான இடம்னா கடிதங்கள்தான், ஹீரோயின் தத்யானா ஹீரோவுக்கு எழுதற காதல் கடிதம் பதினாலுக்குள்ள அடங்காது. சத்தமா வாசிச்சதாலதான் அது எங்களுக்கு தெரிஞ்சுது, எப்பவும் வர்ற அந்த கடைசி குத்து வரவே இல்லயேன்னு காது தேடுச்சு. (இதுல இன்னொரு கூத்து, அவ அத பிரெஞ்சுல எழுதினாளாம், நாம படிக்கறது ஆசிரியரோட மொழிபெயர்ப்பாம்.)

சரி, என் முயற்சி. முதல் தடவ ஒழுங்கா வரி முடிவுல இயைபு வச்சு எழுதினேன். அரை மணி நேரத்துல பதினாலு வரியும் முடிஞ்சுது, எனக்கே டவுட் வந்திருக்கணும். வாசிச்சுக் காட்டினா வந்தான், நின்றான், பார்த்தான், போனான்னு அடுக்குமொழி வசனம் மாதிரி ஓடுது. பிரச்சனை என்னன்னா தமிழ்ல வாக்கியம் வினைச்சொல்லுல முடியும், வினைச்சொல்லு ஆன், ஆள், துன்னு முடியும், அதனால கடைசில ரைம் வர்றது ஓசில வர்றது, அதுக்கு யாரும் கைதட்ட மாட்டாங்க. ரஷ்யன்ல மரோசியும் ரோசியும் சந்திக்கறப்ப ஒரு சின்ன அதிர்ச்சி இருக்கு, நின்றானும் சென்றானும் தினமும் சந்திச்சுக்கறவங்க. அதிர்ச்சி எங்கேர்ந்து வரும்?

ரெண்டாவது தடவ அக்கா சொன்னத கேட்டேன். ரைம மொத்தமா வரியோட தலைக்கு தூக்கிட்டேன், எதுகையா. எதுகைக்கு ரெண்டாவது எழுத்து ஒன்னா இருந்தா மட்டும் போதாது, முதல் எழுத்து குறில்னா எதிர்லயும் குறில், நெடில்னா நெடில். பட்டுக்கு கட்டு வரும், பாட்டு வராது. இது ஞாபகம் வந்ததும் எனக்கு ஒன்னு தோணுச்சு, சொல்லிக்கறதுக்கு கொஞ்சம் பெருமையாவே இருக்கு: ரஷ்யன்ல மெத்துனு முடியற ஆறு வரிக்கு நெடில் எதுகை, டக்குனு நிக்கற எட்டு வரிக்கு குறில் எதுகை. நாலு அடிப்புக்கு பதிலா நாலு சீர். இப்படி வந்த முதல் நாலு வரி:

வாசலில் வந்து கிடக்குது ஒன்று
கடிதமா பில்லா யாருக்குத் தெரியும்
நேசம் முறிஞ்ச நாளிலே இருந்து
படிக்கவே தோணல எதுவும் அவனுக்கு

காகிதத்துல பாத்தா சூப்பர். வாசிச்சா வாசலும் நேசமும் சேர்றது யாருக்குமே கேக்கல. நம்ம காது எதுகைய அடுத்தடுத்த வரில எதிர்பாக்குது, ஒரு வரி விட்டு வந்தா தவற விட்டுடுது. கடிதமா, படிக்கவே மட்டும் கொஞ்சம் கேட்டுச்சுன்னாங்க, அதுவும் அர்த்தம் சேர்றதாலயோ என்னவோ. ஆனா அஞ்சாவது ஆறாவது வரிக்கு மூணு பேரும் ஒரே நேரத்துல ஆங்னு சொன்னாங்க:

பூனை மட்டும் அதுமேல் படுத்து
யானை மாதிரி அசையாம தூங்குது

அப்பதான் எனக்கு புஷ்கின் பண்ற வேலை புரிஞ்சுது. முதல் நாலு வரில ரைம தள்ளித் தள்ளி வச்சு நம்மள காத்திருக்க வைக்கறாரு, அப்பறம் ஜோடி ஜோடியா வேகம் பிடிக்கறாரு, அப்பறம் மறுபடி சுத்தி விடறாரு, கடைசில கைல குடுக்கறாரு. தள்ளி வச்சது கேக்காம போறதும் கணக்குல இருக்கு போல. இத நான் எத்தன வாட்டி கண்ணால படிச்சிருந்தாலும் பிடிச்சிருக்க மாட்டேன்.

ஏழு எட்டு சுமார்தான், காட்டற அளவுக்கு இல்ல. ஒம்பதுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் முழு தோல்வி, மூணு வாரமா அடிச்சு அடிச்சு எழுதறேன், ஒம்பதாவது வரிய பன்னெண்டு வர்றதுக்குள்ள நானே மறந்துடறேன். ஒம்பதுல ஒரு பெயர வச்சு அதுக்கு பன்னெண்டுல எதுகை குடுத்து பாத்தேன், பெயர்னா ஞாபகம் இருக்கும்ல, அதுவும் பாதிதான் வேலை செஞ்சுது. கடைசி ஜோடி மட்டும் குளிக்கும்போது தானா வந்துச்சு:

பிரிச்சா ஒருவேளை நல்லதா இருக்கும்
எரிச்சா அந்த ஒருவேளையும் போச்சு

கொட்டாவி ஆளு இத ஸ்டேட்டஸா வச்சுட்டான். அவன் இப்ப எங்கள விட முன்னாடி ஓடறான், ஒனேகின்ல பித்து பிடிச்சு விக்ரம் சேத் இதே பத்தி அமைப்புல 1986ல எழுதின 'தி கோல்டன் கேட்' வரைக்கும் போயிட்டான். அது சான் ஃபிரான்சிஸ்கோல நடக்கற கதை, நன்றியுரை, பொருளடக்கம் கூட பதினாலு வரில இருக்காம். தினம் ஒரு பத்திய ஃபோட்டோ எடுத்து அனுப்பறான்.

ஆறாவது அத்தியாயம் டூயல், அதாவது ரெண்டு பேரு நேருக்கு நேர் நின்னு சுட்டுக்கற சண்டை. அத வாசிச்ச அன்னைக்கு யாரும் அதிகம் பேசல. சண்டைக்கு போக வேண்டிய காலைல ஹீரோ அசந்து தூங்கறான், அது ஏனோ சுட்டத விட மோசமா இருந்துச்சு. ஏழாவது எனக்கு ரொம்ப நெருக்கம். அவன் ஊர விட்டு போன பின்னாடி தத்யானா அவனோட வீட்டுக்கு வந்து புத்தகங்கள புரட்டறா. பக்கங்கள்ல நகத்தால கீறின தடம், ஓரத்துல பென்சில் குறி, எந்த இடத்துல நின்னான், எதுக்கு தலையாட்டினான்னு அத வச்சு அவன படிக்கறா. படிச்சு முடிச்சுட்டு இவன் வெறும் நகல்தானோன்னு சந்தேகப்படறா. நான் வாங்கின பழைய பிரதிலயும் யாரோ பென்சில்ல ஓரமா கோடு போட்டிருந்தாங்க, ஏழாவது அத்தியாயத்துல ஒரு கோடு கூட இல்ல, அங்க வரைக்கும் வராமலே நிறுத்திட்டாங்க போல.

எட்டாவது முடிவுல சண்டையே வந்துச்சு. தத்யானா பதில் சொல்லிட்டு எழுந்து போறா, புருஷனோட பூட்ஸ்ல மாட்டின குதிமுள் சத்தம் கேக்குது, ஹீரோ இடி விழுந்த மாதிரி நிக்கறான், ஆசிரியர் சரி இவன இந்த கெட்ட நேரத்துலயே விட்டுட்டு போவோம்னு கிளம்பிடறாரு. த்ரில்லர்காரி இது ஏமாத்து வேலைன்னா. அக்கா, ஆறு பத்திய காணாம ஆக்கினவருக்கு முடிவு மட்டும் எதுக்குன்னு கேட்டாங்க. இன்னும் தீரல இந்த சண்டை.

இப்போதைக்கு நிலவரம்: எட்டு அத்தியாயமும் முடிஞ்சுது, என் பத்தி பத்து வரில நிக்குது, நடுவுல நாலு காலி. நேத்து அக்காவுக்கு வாய்ஸ் நோட் அனுப்பினேன், ஒம்பதுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் என்ன பண்றதுன்னே தெரியலக்கான்னு. பதில் ஒரே வரில வந்துச்சு: "நம்பர் மட்டும் போட்டுட்டு சும்மா இருடா."