மெதுவாக உட்காரப் பழகிய எட்டு வாரங்கள்

இலங்கை மலையகத்தில், எங்கள் தலவாக்கலைப் பக்கம் ஜூன் மழை தொடங்கினால் வாசல் படியெல்லாம் பாசி பிடித்துவிடும். போன வருடம் அந்தப் படியில்தான் வழுக்கி விழுந்தேன். எனக்கு 68 வயது. எலும்பு முறியவில்லை, இடுப்பு கன்றிப்போனதோடு சரி. ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. கடைக்குப் போவதில்லை, கோயிலுக்கும் போவதில்லை. "நீங்க இருங்க அம்மாயி, நான் எடுத்துட்டு வாறேன்" என்று தேத்தண்ணிகூடப் பேரன்தான் கொண்டுவந்து தருவான். இரண்டு மாதம் இப்படியே இருந்ததில், கதிரையிலிருந்து எழும்பக் கையை ஊன்ற வேண்டியதாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் பிள்ளை முதலில் ஒரு சோதனை வைத்தது. கைகளை நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொண்டு 30 செக்கனுக்குள் எத்தனை தடவை எழுந்து நிற்க முடிகிறது என்று பார்ப்பது. எனக்கு 7 தான் வந்தது. "65 முதல் 69 வயதுப் பெண்களுக்கு 11க்குக் குறைந்தால் கால் பலம் காணாது டீச்சர்" என்றது. மலை ஏறி இறங்கியே பள்ளிக்கூடம் போய்வந்த கால்கள் இவை, என்னால் நம்ப முடியவில்லை. வேலை கொடுக்காத தசை கரைந்துபோகும், இந்த வயதிலும் வேலை கொடுத்தால் திரும்பி வரும் என்று பொறுமையாக விளக்கியது.

கிழமைக்கு மூன்று நாள், அரைமணி நேரம் செய்யச் சொன்னது. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் வீட்டிலேயே செய்வதற்கென்று உருவாக்கிய பயிற்சியாம். அதைச் செய்த முதியவர்களிடம் விழுவது 35 வீதம் குறைந்ததை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

பிளாஸ்டிக் கதிரை சீமெந்துத் தரையில் வழுக்கும். அதனால் பழைய மரக்கதிரையைச் சுவரோடு ஒட்டிப் போட்டேன். எழும்புவது ஒரு மாதிரி வந்துவிட்டது. உட்காரும்போதுதான் தொப்பென்று விழுந்தேன். "ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடிய உட்காருங்க" என்று அந்தப் பிள்ளை சொல்லியிருந்தது. இரண்டில் தொடை நடுங்கும், மூன்று வருவதற்குள் உடம்பு கீழே போய்விடும். பிறகுதான் விளங்கியது, படியில் இறங்கும்போது உடம்பைத் தாங்கிப் பிடிப்பதும் இதே முன்தொடைதான். எங்கள் ஊரில் ஏற்றம் மூச்சை வாங்கும், அவ்வளவுதான். ஆளை விழுத்துவது இறக்கம். அதனால் மற்றதைவிட இந்த உட்காருதலில்தான் நான் பிடிவாதமாக இருந்தேன். முதல் பத்து நாள் தொடை கடுத்தது. முழங்காலும் வலித்தபோது கதிரையில் ஒரு தலையணை போட்டு உயர்த்திக்கொண்டேன்.

குதிகாலை உயர்த்தி நிற்பதும் பக்கவாட்டில் நடப்பதும் குசினி மேசையோரம் நடந்தன. முதலில் இரண்டு கையாலும் பிடித்தேன், அப்புறம் ஒரு கை, அப்புறம் இரண்டு விரல். மூச்சை அடக்காமல் இருக்க வாய்விட்டு எண்ணினேன். ஒரு காலின் குதியை மற்றக் காலின் விரல் நுனியோடு முட்ட வைத்து நேர்கோட்டில் நிற்பதுதான் பெரிய பாடு. பாதம் இரண்டும் தரைக்குள்ளே எதையோ தேடுவதுபோல நெளியும். 4 செக்கனில் மேசையைப் பிடித்துவிடுவேன். 10 செக்கன் நிற்க வேண்டும். பேரன் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துச் சத்தமாக எண்ணுவான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நான் பிரஷர் மாத்திரை எடுப்பவள். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். எழுந்ததும் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் அடுத்தது. மாத்திரை எடுப்பவர்கள், விழுந்து எழும்பியவர்கள், டொக்டரிடம் காட்டாமல் தொடங்கவே வேண்டாம்.

எட்டாவது வாரம் 30 செக்கனில் 12 தடவை எழுந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை படியிறங்கிக் கோயிலுக்குப் போய்வந்தேன். மழை நாளில் இப்போதும் கம்பியைப் பிடித்துத்தான் இறங்குகிறேன். பக்கத்து லயத்து (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) அக்கா, நாற்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்ந்தவர், ஒருநாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "எனக்கும் முழங்கால் விடுது டீச்சர்" என்றார். அவருடைய தோட்டத்து கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு போய் டொக்டரிடம் கேட்டு வந்தோம். இப்போது திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் சுவரோரம் இரண்டு கதிரை.