மாமா, இதுல நான் போகலாமா?

அக்கா பிள்ளைகளையும் அண்ணன் பிள்ளைகளையும் சேர்த்து, "இந்த லீவுக்கு எல்லாரையும் தீம் பார்க் கூட்டிட்டுப் போறேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டவர்களுக்கான பதிவு இது. சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது. பிள்ளைகள் அதற்குள் வகுப்பு முழுக்கச் சொல்லி முடித்திருப்பார்கள்.

முதலில் ஒரு கசப்பான விஷயம். இந்தப் பிள்ளைகளை உங்களுக்குத் தெரியாது. விசேஷ வீட்டில், புதுச் சட்டையில், நான்கு மணி நேரம் சிரித்துக்கொண்டிருக்கும் பிள்ளையைத்தான் தெரியும். வெயிலில் ஆறு மணி நேரம் நின்று, மதியத் தூக்கத்தையும் விட்ட பிறகு அதே பிள்ளை என்னவாக மாறும் என்பது பெற்றவர்கள் மட்டும் அறிந்த ரகசியம். கிளம்பும் முன்பே அதைக் கறந்துவிடுங்கள். காரில் போனால் வாந்தி வருமா, எதைச் சாப்பிட்டால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது, இருட்டு பயமா, பலத்த சத்தம் பயமா, இரவில் எதைக் கட்டிக்கொண்டு தூங்கும். காய்ச்சல் மருந்தின் அளவு ஒவ்வொரு பிள்ளைக்கும் எடையைப் பொறுத்து மாறும். அதைத் தாளில் எழுதி வாங்குங்கள். கடைசியாக, மிக முக்கியமான கேள்வி: "அவசரம்" என்று பிள்ளை சொன்னால் எத்தனை நிமிடம் இருக்கிறது? சிலருக்குப் பத்து நிமிடம். சிலர் சொல்வது வெறும் தகவலுக்காக; வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும்.

அடுத்தது சீட்டுக் கணக்கு. ரைடுகளில் பெரும்பாலும் இரண்டிரண்டு பேராகத்தான் உட்கார வைப்பார்கள். நான்கு பிள்ளைகள், ஒரு மாமா என்றால் ஐந்து பேர். கடைக்குட்டிக்குப் பக்கத்தில் பெரியவர் இருந்தே ஆகவேண்டும். அதற்கு மூத்ததற்கும் அதே விதி. நீங்கள் ஒருவர்தான். இதற்கு நடுவே உயரம் போதாமல் வெளியே நிற்கும் பிள்ளைக்குத் துணையாகவும் ஒருவர் நிற்கவேண்டும், அதுவும் நீங்கள்தான். ஆகவே நான்கு பிள்ளைகளுக்குக் குறைந்தது இரண்டு பெரியவர்கள். பெரிய பூங்காக்கள் பலவற்றில் ஒருவர் சின்னதுடன் வெளியே காத்திருந்து, மற்றவர் இறங்கியதும் மறுபடி வரிசையில் நிற்காமலேயே ஏறிக்கொள்ளும் வசதி உண்டு. வரிசையில் நுழையும் முன்பே வாசலில் நிற்கும் ஊழியரிடம் கேட்கவேண்டும். இறங்கி வந்து கேட்டால் பலன் இல்லை. அந்த இரண்டாவது சுற்றுக்குக் கூட ஒரு பிள்ளையை ஏற்றிக்கொள்ளவும் சில இடங்களில் விடுவார்கள். அது எந்தப் பிள்ளை என்பதை வீட்டிலேயே சீட்டுக் குலுக்கிப் போட்டு முடித்துக்கொள்வது நல்லது.

இப்போது உயரம். இந்தப் பயணத்தின் கண்ணீரில் பாதி இங்கேதான் கொட்டும். எந்த ரைடுக்கு எத்தனை சென்டிமீட்டர் என்பது பூங்காவின் இணையதளத்திலேயே இருக்கும். சின்னப் பிள்ளைகளின் ரைடுக்கு 90, கொஞ்சம் வேகமானதற்கு 105 பக்கம், ரோலர் கோஸ்டருக்கு 120, தலைகீழாகச் சுற்றுவதற்கு 140 என்று ஏறக்குறைய இந்த வரிசையில் போகும். பிள்ளையைச் செருப்பில்லாமல் சுவரோடு நிறுத்தி, குதிகால் சுவரில் ஒட்டியிருக்க, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தலைமேல் மட்டமாக வைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள். கண்ணால் பார்த்து "நூற்றிருபது இருப்பான்" என்று சொல்வது மாமாக்களின் பரம்பரை வியாதி.

பிள்ளை 119.5-ல் நின்றால் அளந்த நேரத்தையும் கவனியுங்கள். காலையில் எழுந்ததும் எல்லோரும் மாலையைவிட ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரமாக இருப்போம். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டுகள் படுத்திருக்கும்போது நீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும். எழுந்து நடக்க நடக்க உடம்பின் பாரத்தில் அமுங்கும். அதிலும் பெரும்பங்கு எழுந்த முதல் சில மணி நேரத்திலேயே அமுங்கிவிடும். ஆகவே எல்லைக்கோட்டுப் பிள்ளைக்கு அந்த ரைடை முதல் ரைடாக வையுங்கள். உச்சிக் கொண்டை கணக்கில் வராது, அளக்கும் ஊழியர் உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்துவிடுவார். "மூச்சை இழுத்துப் பிடிச்சா வளருவேனா மாமா?" என்று கேட்டால் வளரமாட்டாய் என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள். நுனிக்காலில் நிற்பதைவிட அது பரவாயில்லை.

தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ போட்டு ஏமாற்றலாமே என்று யோசிப்பவர்கள் மடியில் வந்து பூட்டிக்கொள்ளும் அந்தக் கம்பியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே கம்பி இருக்கும் ரைடில், இருவரில் பருமனானவரின் தொடையிலோ தொப்பையிலோ போய் முட்டியதும் அது நின்றுவிடும். மாமாவுக்கு இறுக்கமாக இருக்கும். பக்கத்தில் இருக்கும் ஆறு வயதுக்கும் கம்பிக்கும் நடுவே இன்னொரு ஆறு வயது உட்காரும் அளவுக்கு இடைவெளி இருக்கும். அங்கே அந்தப் பிள்ளையை இருக்கையில் பிடித்து வைப்பது அதன் உயரமும் கை கால் நீளமும்தான். விதியில் ஒரு சென்டிமீட்டர்கூட விட்டுக்கொடுக்காத ஊழியரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அன்று முழுக்க உங்கள் பக்கம் இருக்கும் ஒரே ஆள் அவர்தான்.

எங்கே உட்காருவது என்பதிலும் சூட்சுமம் உண்டு. ரோலர் கோஸ்டரில் முதல் தடவை நடுப்பெட்டி. முன்னால் உட்கார்ந்தால் பள்ளம் முழுசாகக் கண்ணில் தெரியும். கடைசிப் பெட்டியைச் சொல்லவே வேண்டாம். முன்பெட்டிகள் இறங்கத் தொடங்கிய வேகத்தில் அதை மேட்டின் உச்சியில் வைத்து வெடுக்கென்று இழுக்கும், ஆள் இருக்கையை விட்டு எழும்புவார். ஊஞ்சல் கப்பலிலும் இரண்டு முனையும்தான் அதிகம் ஆடும், நடுவில் சாது. பக்கவாட்டில் சுழற்றும் ரைடுகளில் பெரியவர் வெளிப்பக்கம், சின்னது உள்பக்கம். மாற்றி உட்கார்ந்தால் சுழலும்போது உங்கள் எடை முழுவதும் சறுக்கிப்போய் அந்தப் பிள்ளைமேல் சாயும். இறங்கும்போது பிள்ளை அப்பளமாக இருக்கும்.

மேலே ஏறும்போது 'டக் டக் டக்' என்று சத்தம் கேட்டதும் பிள்ளையின் நகம் உங்கள் முழங்கையில் இறங்கும். பெட்டிக்கு அடியில் இருக்கும் ஒரு கொக்கி, தண்டவாளத்துப் பற்களில் ஒவ்வொன்றாக விழுந்து எழும் சத்தம் அது. வண்டியை மேலே இழுக்கும் சங்கிலி அறுந்தாலும் அந்தக் கொக்கி வண்டியைப் பின்னால் போகவிடாது. இதைக் கீழேயே சொல்லி வையுங்கள். மேலே போன பிறகு எந்த விளக்கமும் காதில் ஏறாது. செங்குத்தாக விழும் கோபுர ரைடைப் பார்த்து "கரண்ட் போனா?" என்று ஒருவன் கேட்பான். நல்ல கேள்வி. அவற்றில் பலவற்றில் காந்தத்தால் பிரேக் பிடிக்கிறார்கள். காந்தத்துக்கும் உலோகத் தகட்டுக்கும் நடுவே வேகமே தடையாக மாறிவிடும், மின்சாரமே தேவையில்லை. சொல்லி முடித்ததும், "அப்போ நீங்க ஏன் மாமா வரமாட்டேங்கறீங்க?" என்பான். அதற்குப் பதிலை நீங்களேதான் தயார் செய்துகொள்ளவேண்டும்.

வயிறு. இரண்டிலிருந்து பன்னிரண்டு வயது வரைதான் பயணக் குமட்டல் அதிகம். உள்காது 'சுற்றுகிறோம்' என்கிறது, கண் 'இல்லை' என்கிறது. இரண்டுக்கும் நடக்கும் சண்டையில் வயிறு ராஜினாமா செய்கிறது. சுற்றும் ரைடில் தூரத்தில் இருக்கும் அசையாத எதையாவது பார்க்கச் சொல்லுங்கள். நாற்காலி லேசாக ஆட, திரையில் மலை பறக்கும் தியேட்டர் ரைடில் கதை தலைகீழ்: அங்கே கண்தான் பொய் சொல்கிறது, கண்ணை மூடினால் தேவலை. வெறும் வயிறும் ஆகாது, முட்ட முட்டவும் ஆகாது. சுற்றுவதையெல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டு, சாப்பிட்டதும் நிழலில் உட்கார்ந்து பார்க்கும் நிகழ்ச்சி ஏதாவது ஒன்றுக்குப் போங்கள். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். எதற்கு என்று பிள்ளைகளிடம் சொல்லவேண்டாம். சொன்னாலே ஒருவருக்கு வந்துவிடும்.

வரிசைக்கு வருவோம். கதவு திறப்பதற்கு அரைமணி முன்பே வாசலில் நில்லுங்கள். உள்ளே போனதும் கூட்டம் வாசலருகே இருக்கும் முதல் ரைடில் மொய்க்கும். நீங்கள் நேரே கடைக்கோடிக்கு நடந்துவிடுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் ஏறுவதை மதியம் மூன்று மணி நேரத்திலும் ஏற முடியாது. ஒவ்வொரு வரிசைக்கு முன்னாலும் கட்டாயக் கழிப்பறை. "எனக்கு வரலை" என்பது மறுப்பாக ஏற்கப்படாது. நாற்பது நிமிடம் நின்று, இன்னும் எட்டே பேர் என்னும்போது வருகிற 'அவசரம்' எப்படிப்பட்டது என்பது ஒரு தடவை பட்டால்தான் புரியும்.

தொலைந்துபோவதைப் பற்றி. எல்லோருக்கும் பளிச்சென்று ஒரே நிறத்தில் டி-சர்ட் நல்ல யோசனைதான். ஆனால் அதில் பெயர் அச்சடிக்காதீர்கள். யார் வேண்டுமானாலும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்றாகிவிடும். காலையில் வாசலில் ஒரு முழு உருவப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் "என்ன கலர் சட்டை?" என்று கேட்டால் நமக்கு நம் சட்டையே நினைவுக்கு வராது. கையில் எழுதிய போன் நம்பரைச் சன்ஸ்கிரீனும் சானிடைசரும் அழித்துவிடும். நீரில் நனையாத மணிக்கட்டுப் பட்டையில் எழுதிக் கட்டுவதே நல்லது. "காணாமப்போனா எங்களைத் தேடி நடக்காதே, அங்கேயே நில்லு, பேட்ஜ் போட்டவங்ககிட்ட சொல்லு." இதைச் சொன்னால் மட்டும் போதாது, உள்ளே நுழைந்ததும் பேட்ஜ் போட்டவர் ஒருவரைக் கண்டுபிடிக்கச் சொல்லிப் பழக்குங்கள்.

இவ்வளவு செய்துவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் போனால், அந்தப் பளிச் டி-சர்ட் நான்கும் லாக்கருக்குள் போய்விடும். நீச்சல் உடையை யோசித்து வாங்கவேண்டியது இதற்காகத்தான். நீலமும் வெள்ளையும் தண்ணீருக்குள் மாயமாகிவிடும். பளிச் ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் தெரியும். உடை மாறியதும் இன்னொரு புகைப்படம். பருத்தி வேண்டாம், ஈரத்தில் கனத்து, தொடையிடுக்கில் உரசிப் புண்ணாக்கிவிடும். அலைக்குளத்தில் அலை புறப்படும் சுவர்ப்பக்கம்தான் ஆழம். சின்னவர்கள் கரைப்பக்கம், உங்கள் கை எட்டும் தூரத்தில். மிதப்பதற்காகப் புஜத்தில் மாட்டும் காற்றடைத்த பட்டை விளையாட்டுச் சாமான்தான், லைஃப் ஜாக்கெட் ஆகாது. சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், வெயிலில் இறங்க கால்மணி முன்பும், பிறகு இரண்டு மணிக்கு ஒரு முறையும், தண்ணீரிலிருந்து ஏறியதும் மறுபடியும். காது மடல், பின்கழுத்து, புறங்கால் மூன்றையும் எல்லோரும் மறப்பார்கள். ராத்திரி படுக்கும்போது அந்த மூன்றும் ஞாபகப்படுத்தும்.

பந்து எறிந்து பொம்மை ஜெயிக்கும் கடைகளில் தோற்றால் அழுகை, ஜெயித்தால் அதைவிடக் கஷ்டம். ஆள் உயரக் கரடியை எந்த ரைடிலும் ஏற்றமாட்டார்கள். மிச்ச நாள் முழுக்க அதன் துணைக்கு ஒரு பெரியவர் நிற்கவேண்டும், அவரும் நீங்கள்தான். பொம்மை, வாள், குமிழித் துப்பாக்கி எதுவானாலும் கிளம்பும்போது மட்டும். ஆளுக்கு இவ்வளவு என்று காலையிலேயே காசைக் கையில் கொடுத்துவிட்டால் பேரம் உங்களோடு நடக்காது, அவர்களுக்குள்ளேயே நடக்கும்.

பெரிய ரைடுகளின் வெளிவாசல் அநேகமாக ஒரு கடைக்குள்தான் திறக்கும். முதல் பள்ளத்தில் ஒளிந்திருக்கும் கேமரா எடுத்த படங்கள் அங்கே திரையில் ஓடிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் இரண்டு கையும் தூக்கிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நடுவில் ஒருவர் கண்ணை இறுக மூடி, வாயைக் கோணி, ஒன்பது வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார். வாங்கவேண்டாம் என்று நினைத்து நீங்கள் போய்ச் சேர்வதற்குள், காலையில் கொடுத்த காசை நான்கு பேரும் ஒன்றாகச் சேர்த்து எண்ணிக்கொண்டிருப்பார்கள்.