முப்பதுக்கு மேல் வந்த பரு: மருந்து படாத முதுகு சொன்னது

பள்ளிக்கூடக் காலத்தில் எனக்குப் பரு என்று பெரிதாக எதுவும் வந்ததில்லை. முப்பதைத் தாண்டிய பிறகு வந்தது, அதுவும் சேர்த்து வைத்து வந்தது. தாடையோரம், கழுத்து, முதுகு. நுனியில் வெள்ளையாகப் பழுத்து இரண்டு நாளில் அமுங்கிவிடும் ரகம் இல்லை. தோலுக்கு அடியில் கட்டியாக உட்கார்ந்துகொண்டு, சட்டைக் காலர் பட்டாலே வலிக்கும். ஆறினாலும் கரும்புள்ளி மாதக்கணக்கில் போகாது.

பரு என்று தெரிந்தால் போதும், சுற்றியிருக்கிற எல்லோரும் வைத்தியராகிவிடுவார்கள். எண்ணெயில் பொரித்ததைத் தொடாதே, சாக்லேட்டை நிறுத்து, குடம் குடமாகத் தண்ணீர் குடி, ரத்தத்தைச் சுத்தம் செய். இதில் எது உண்மை என்று நானே பார்த்துவிடும் ஆசை எனக்கு இருந்தது. ஆனால் கட்டிப் பரு தழும்பாகிவிட்டால் எந்தச் சாப்பாட்டாலும் அதை ஆற்ற முடியாது. அதனால் முதலில் தோல் மருத்துவரிடம் போனேன்.

அவர் முகத்தைப் பார்த்ததைவிடக் கேள்வி கேட்டதுதான் அதிகம். சமீபத்தில் புதிதாக என்ன ஆரம்பித்தீர்கள்? ஸ்டீராய்டு கலந்த கிரீம் ஏதாவது போட்டீர்களா? வைட்டமின் மாத்திரை? தலைக்கு என்ன தேய்க்கிறீர்கள்? ஜிம்முக்குப் போகிறேன், புரோட்டீன் பவுடர் எடுக்கிறேன் என்றதும் பேனாவை எடுத்தார். "வே புரோட்டீனா?" ஆமாம், கொழுப்பு நீக்கிய பாலில் கலக்கி, தினமும் இரண்டு வேளை.

பருவுக்கு நான்கு காரணங்கள் கூட்டுச் சேர்கின்றன என்று விளக்கினார். எண்ணெய்ச் சுரப்பி அதிகமாகச் சுரப்பது, மயிர்க்கால் வாயைச் செத்த செல்கள் அடைப்பது, அங்கே இயல்பாகவே குடியிருக்கும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியா, இவற்றால் கிளம்பும் அழற்சி. ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறினால் இன்சுலினும் ஏறும். கூடவே ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியின் வேகமும் கூடும். இரண்டும் சேர்ந்து எண்ணெய்ச் சுரப்பியை முடுக்கிவிடும். சாப்பாடு நுழைகிற வாசல் இதுதான். "ஆனால் அது ஒரு பங்குதான். பரம்பரையும் ஹார்மோனும் உங்கள் தட்டைக் கேட்டு நடப்பதில்லை" என்றார்.

இரவில் அடாபலீன் ஜெல், காலையில் பென்சாயில் பெராக்சைடு எழுதிக் கொடுத்தார். இரண்டும் முகத்துக்கும் கழுத்துக்கும். முதுகுக்கு எனக்குக் கை எட்டாது, தேய்த்துவிட ஆளும் இல்லை. சரி, அதை அப்புறம் பார்ப்போம் என்று விட்டுவிட்டோம். அதுவே எனக்கு வசதியாகப் போயிற்று. மருந்தையும் உணவு மாற்றத்தையும் ஒன்றாகத் தொடங்கினால் எது வேலை செய்தது என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியாது. மருந்து படாத முதுகை வைத்து ஓரளவு சொல்லலாம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. தோலின் மேலடுக்கு புதுப்பிக்கப்படவே 4 முதல் 6 வாரம் ஆகும், வயது ஏற ஏற இன்னும் தாமதமாகும். இன்று வெளியே தெரிகிற பருவின் அடைப்பு பல வாரங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கும். 'நேற்று இனிப்பு சாப்பிட்டேன், இன்று பரு வந்துவிட்டது' என்கிற கணக்கு அநேகமாகத் தப்பு. வாரம் ஒருமுறை, ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், முகத்தையும் முதுகையும் போட்டோ எடுத்து வைத்தேன். முதுகைத் தானே எடுப்பது ஒரு தனி வித்தை. கைபேசியை அலமாரியில் சாய்த்து டைமர் வைத்தால் வரும்.

முதலில் பவுடரை நிறுத்தினேன். மற்றதெல்லாம் அப்படியே, இனிப்பு உட்பட. முதல் சில வாரங்கள் ஒரு மாற்றமும் இல்லை. ஏற்கெனவே உள்ளே கிளம்பிவிட்டவை வந்துதானே தீரும்? இரண்டாவது மாதத்தில் போட்டோக்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: பழைய புள்ளிகள் இருக்கின்றன, புதுக் கட்டி இல்லை. வே பாலிலிருந்து எடுக்கப்படுவது, இன்சுலினை நன்றாகவே தூண்டக்கூடியது. உடற்பயிற்சி செய்பவர்களுக்கு அதை எடுக்கத் தொடங்கியபின் பரு கிளம்பிய கதைகள் மருத்துவ இதழ்களிலேயே பதிவாகியிருக்கின்றன. எனக்கு அது போதவில்லை. முதுகு தெளிந்த பிறகு, அதே டப்பாவிலிருந்து மறுபடி எடுக்க ஆரம்பித்தேன். தோள்பட்டைக்குக் கீழே மீண்டும் கட்டிகள் வந்தன. டப்பாவை நண்பனுக்குக் கொடுத்துவிட்டேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்றும் வழவழ முதுகோடு திரிகிறான். ஆகவே எல்லோரும் வேயை நிறுத்துங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். புரதத்துக்கு முட்டை, மீன், பருப்பு வகைகள் என்று மாறினேன். தூக்கும் எடை ஒன்றும் குறையவில்லை.

அடுத்தது பால். கொழுப்பு நீக்கிய பாலுக்கும் பருவுக்கும் தொடர்பு தெரிவதாகப் பெரிய கணக்கெடுப்பு ஆய்வுகள் உண்டு; தயிர், சீஸ் விஷயத்தில் அது அவ்வளவு தெளிவாக இல்லை. நான் பாலை நிறுத்திப் பார்த்ததில் முதுகில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. காபிக்குப் பால் திரும்ப வந்தது. அந்த வாரங்களில் கறுப்புக் காபி குடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தேவையில்லாமல் எதையும் நிறுத்தாதீர்கள்.

கடினமாக இருந்தது சர்க்கரைதான். சர்க்கரை என்றால் கரண்டியில் போடுவது மட்டும் இல்லை. குளிர்பானம், பழச்சாறு, பிஸ்கட், வெள்ளை ரொட்டி எல்லாமே ரத்தச் சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றுகிறவை. ஆஸ்திரேலியாவில் 15 முதல் 25 வயதுக்குட்பட்ட 43 ஆண்களை வைத்து 12 வாரம் நடந்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவும் கூடுதல் புரதமும் சாப்பிட்டவர்களுக்குப் பரு அதிகமாகக் குறைந்தது. ஆனால் அவர்களுக்கு எடையும் குறைந்தது. பரு குறைந்ததற்கு அதிலும் பங்கு இருக்கலாம் அல்லவா? நான் முழுத்தானியம், பருப்பு, காய்கறி, கொட்டை வகை, சாறு பிழியாத பழம் என்று மாற்றிக்கொண்டேன். காலையும் மதியமும் பிரச்சினையே இல்லை. மாலையில் வேலை அசதியோடு வருகிற பசிதான் பிஸ்கட் டப்பாவைத் தேடும். அந்த நேரத்துக்கென்று வேகவைத்த முட்டையோ ஒரு கை வேர்க்கடலையோ எடுத்து வைத்தால்தான் தப்பிக்க முடிந்தது. பலன்? மூக்கிலும் நெற்றியிலும் வழிகிற எண்ணெய் குறைந்ததுபோல இருந்தது. வே அளவுக்குப் பளிச்சென்று தெரியவில்லை. ஆனால் மதியத் தூக்கக் கலக்கம் போய்விட்டதால் அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டேன்.

சாக்லேட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 'உணவுக்கும் பருவுக்கும் சம்பந்தமில்லை' என்று பல காலம் அடித்துச் சொன்னதற்கு ஒரு முக்கியமான ஆதாரம் 1969இல் வந்த ஆய்வு. 65 பேருக்குச் சாக்லேட்டும், ஒப்பிட்டுப் பார்க்கச் சாக்லேட் இல்லாத இன்னொரு மிட்டாய்க் கட்டியும் கொடுத்தார்கள். அந்த இன்னொன்றிலும் கிட்டத்தட்ட அதே அளவு சர்க்கரையும் கொழுப்பும்! வித்தியாசம் எப்படித் தெரியும்?

தண்ணீர்: தாகத்துக்குக் குடித்தால் போதும். அதற்குமேல் குடித்ததில் சிறுநீரகத்துக்கு வேலை கூடியதே தவிர, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தூக்கத்தைச் சீராக்கினேன்; பருவுக்கு உதவியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது, கையால் பருவை நோண்டும் எரிச்சல் குறைந்தது நிச்சயம்.

'தோல், முடி, நகம்' என்று விற்கிற மாத்திரைகளை மருத்துவர் வேண்டாம் என்றார். அவற்றில் அநேகமாக பயோட்டின் என்ற பி வகை வைட்டமின் அதிகமாக இருக்கும். அது தைராய்டு, இதயம் சம்பந்தமான சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவைத் தவறாகக் காட்டக்கூடியது. அதிக அளவு பி12 சிலருக்குப் பரு போன்ற கொப்புளத்தையே கிளப்பும். வைட்டமின் ஏ மாத்திரை அளவு மீறினால் கல்லீரலைப் பாதிக்கும். சாப்பாட்டில் வருகிற கேரட்டால் அந்த ஆபத்து இல்லை. என் உறவினர் ஒருவர் முகப் பொலிவுக்காகத் தினமும் கேரட்டாகச் சாப்பிட்டு உள்ளங்கை மஞ்சளாகி, காமாலை என்று வீட்டையே கலங்கடித்தார். கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருந்ததால் மருத்துவர் சிரித்து அனுப்பிவிட்டார்.

முகத்தில் மருந்து வேலை செய்த விதம் வேறு. முதல் சில வாரங்கள் அடாபலீன் உரித்து எடுத்தது. இருந்ததைவிட மோசமாகத் தெரிந்தது. பட்டாணி அளவு மட்டும், ஒருநாள் விட்டு ஒருநாள், முதலில் மாய்ச்சரைசர் போட்டு அதன்மேல் என்று மாற்றியபின் பழகிப்போனது. சோப்பையும் மாற்றச் சொன்னார். சாதாரண சோப்பின் பிஎச், அதாவது அமில, காரத் தன்மையின் அளவு, 9, 10 என்று இருக்கும், தோலின் இயல்பு 5ஐ ஒட்டியது. மென்மையான ஃபேஸ்வாஷால் ஒரு நாளைக்கு இரண்டு முறை, வெதுவெதுப்பான நீரில், தேய்க்காமல். பென்சாயில் பெராக்சைடு துணியின் சாயத்தைத் தின்றுவிடும். வெள்ளைத் துண்டும் வெள்ளைத் தலையணை உறையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கரும்புள்ளிகளுக்கு நான் செய்தது சன்ஸ்கிரீன் மட்டும்தான். வெயில் பட்டால் அவை இன்னும் கறுக்கும். சன்ஸ்கிரீனின் பாதுகாப்பு அளவு எஸ்பிஎஃப் 30 என்றால், யுவிபி என்ற புற ஊதாக் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். ஆனால் அந்தக் கணக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசினால்தான். நாம் தடவுகிற மெல்லிய பூச்சுக்கு அந்தப் பலன் வராது. புள்ளிகள் மங்கத்தான் மிக அதிகக் காலம் ஆயிற்று, பரு நின்று பல மாதம் கழிந்த பிறகும்.

என் தங்கைக்கும் இதே தாடையோரப் பரு. அவள் என் உணவுப் பட்டியலைக் கேட்டாள். மாதவிடாய் தள்ளிப்போகிறது என்று சொன்னதும் முதலில் மருத்துவரைப் பார் என்றேன். பரிசோதனையில் பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு என்று தெரிந்தது, அவளுக்குச் சிகிச்சையே வேறு. கர்ப்பத்துக்கு முயற்சி செய்கிற பெண்கள் அடாபலீனைத் தாங்களாக வாங்கிப் பூசக் கூடாது என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டோம்.

அடுத்த முறை போனபோது என் முதுகுப் போட்டோக்களை மருத்துவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். முதுகுக்கு மருந்தே எழுதவில்லை. பென்சாயில் பெராக்சைடை நிறுத்திவிட்டு, முகத்துக்கு அடாபலீனை மட்டும் வாரத்தில் சில இரவுகள் தொடரச் சொன்னார். இப்போதும் பூசிக்கொண்டிருக்கிறேன்.