தூசி கிளப்பிக் கொடுத்த பெரியவர்

மரங்களுக்கு நடுவே சரிந்து விழும் வெளிச்சக் கீற்றைப் படம் பிடிக்க சூரியன் வேண்டும் என்பார்கள். சூரியன் பாவம், தினமும் வந்துவிடுகிறது. ஏமாற்றுவது அழுக்குதான். பனிமூட்டமோ புகையோ தூசியோ காற்றில் மிதந்தால்தான் வெளிச்சம் அதில் பட்டுச் சிதறி, கோடாகக் கண்ணுக்குத் தெரியும். தூசியே இல்லாத காற்றில் ஒளிக்கற்றை போவது தெரியாது என்று இயற்பியலாளர் ஜான் டிண்டல் 1870 வாக்கிலேயே சோதனை செய்து காட்டிவிட்டார். அதனால், "ஆகா, என்ன சுத்தமான காற்று!" என்று யாராவது மூச்சை இழுத்தால் எனக்கு வயிறு எரியும்.

அன்றைக்குத் தோப்பில் காற்று படுசுத்தம். ட்ரைபாடை நிறுத்திவிட்டு நண்பனும் நானும் மரங்களையே முறைத்துக்கொண்டு நின்றோம். நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர், கேமரா பார்த்த திசையில் எட்டிப் பார்த்தார். அப்புறம் எங்களைப் பார்த்தார்.

"என்ன தம்பி, பறவையா?"

"இல்லைங்க ஐயா, வெளிச்சம்."

"அதான் எல்லா இடத்துலயும் இருக்கே!"

மறுக்க முடியாத வாதம். நண்பன் சும்மா இருந்திருக்கலாம். சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் கதிர்கள் ஏறக்குறைய இணையாகத்தான் வருகின்றன, விசிறி மாதிரி விரிவதெல்லாம் தண்டவாளம் தூரத்தில் ஒன்று சேர்வதைப் போன்ற தோற்றம்தான் என்று பாடம் நடத்தத் தொடங்கி, காற்றில் தூசி இல்லாததால்தான் கீற்று தெரியவில்லை என்று முடித்தான். பெரியவர் பொறுமையாகத் தலையாட்டினார். கடைசியில் அவர் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்.

"தூசிதானே வேணும்? இருங்க."

நேராகப் போய்ச் சருகுக் குவியலைக் காலால் எத்தினார் பாருங்கள்! குப்பென்று எழுந்த புழுதியில், இலைகளுக்கிடையே இருந்து கோடு கோடாக வெளிச்சம் இறங்கியது. பின்னால் நிழலடைந்த மரங்கள், முன்னால் பளபளக்கும் கீற்றுகள். வெளிச்சம் வெளுத்துப் போகாமலிருக்க எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கிக்கொள்ளும் ஒளியின் அளவை, ஒன்றரை ஸ்டாப் குறைத்துக்கொண்டு வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தேன். நட்ட நடுவே பெரியவர், கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, பாஸ்போர்ட் போட்டோ முகத்தோடு நின்றிருந்தார்.

"ஐயா, கொஞ்சம் ஓரமா…"

அவர் ஓரமாகப் போனார். அதற்குள் புழுதி அடங்கிவிட்டது. மறுபடி எத்தினார், மறுபடி நடுவில் வந்து நின்றார். நண்பன் அடுக்குத் தும்மலில் இருந்தான். சரி, ஆள் நின்றால் மரத்தின் உயரமாவது தெரியட்டும் என்று அமுக்கிவிட்டேன்.

திரையில் காட்டினேன். உண்மையிலேயே நல்ல படம். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"என் முகம் எங்கே?"

எதிர் வெளிச்சம், நிழலுரு என்று விளக்கினேன். அவர் கேட்கவில்லை. தன் போனை எடுத்தார், சூரியனைப் பார்த்துத் திரும்பி நின்றார், ஒரு செல்ஃபி. தூசி ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கித்தான் சிதறடிக்கும். சூரியன் கேமராவுக்குப் பின்னால் போனதுமே கீற்றுகள் அத்தனையும் மாயம். முகம் மட்டும் பளிச்.

"இப்படி எடுக்கணும், தம்பி. வெளிச்சம் மூஞ்சியில விழணும்."

தும்மிக்கொண்டே நண்பன் கேட்டான்: "ஐயா, என்னையும் ஒண்ணு எடுங்களேன்."