முன்பருவக் கல்விப் பட்டயம்: பாளையங்கோட்டையில் பயின்ற அனுபவம்

மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கற்பிக்கத் தனியாக ஒரு பயிற்சி வேண்டுமா என்ற கேள்வியை, இந்தப் படிப்பில் சேர்ந்த நாள் முதல் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் பால்வாடியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் எங்கள் கல்லிடைக்குறிச்சிப் பக்கத்தில் மட்டுமன்று, கல்வி நிலையங்கள் நிறைந்த பாளையங்கோட்டையிலும் இருக்கிறது. இரண்டாண்டுப் பட்டயப் படிப்பை முடித்தவள் என்ற முறையில், அந்தப் பயிற்சி உண்மையில் எதைக் கற்றுத் தருகிறது என்பதையும், அதில் சேர்வதற்கும் அதை முடிப்பதற்கும் என்ன தேவைப்படுகிறது என்பதையும், அடுத்துச் சேர நினைக்கும் பெண்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது, சேரப்போகும் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்ப்பது. நர்சரி ஆசிரியர் பயிற்சி, மாண்டிசோரி பயிற்சி என்ற பெயர்ப் பலகைகள் எல்லா ஊர்களிலும் தென்படுகின்றன. அவற்றுள் சில நன்றாகவே சொல்லிக் கொடுக்கலாம். ஆயினும், 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் ஏற்கும் முன்பருவக் கல்விப் பட்டயம் என்பது இரண்டாண்டுப் படிப்பு. பிளஸ் டூவில் 50 விழுக்காடு மதிப்பெண் அதற்குத் தகுதி. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. சில மாதங்களில் சான்றிதழ் தருகிறோம் என்று சொல்லும் இடத்தில் பணம் கட்டுவதற்கு முன், அந்தச் சான்றிதழை வழங்குவது யார், அவர்களுக்கு எந்த அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. மற்றபடி, மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றை முன்கூட்டியே தயாராக வைத்திருந்தால் சேர்க்கையில் சிரமம் எதுவும் இல்லை.

வெளியூரிலிருந்து வருபவர்களுக்குச் சிரமம் தருவது வருகைப் பதிவு. 2014ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி வகுப்புகளுக்கு 80 விழுக்காடும், பள்ளிகளில் நேரடியாகப் பணிபுரியும் பயிற்சிக் காலத்துக்கு 90 விழுக்காடும் வருகை இருந்தாக வேண்டும். நான் செங்கோட்டை ரயிலில் திருநெல்வேலி ஜங்ஷனுக்கு வந்து, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்துப் பாளையங்கோட்டைக்குச் செல்வேன். வீட்டில் விசேஷம், துக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் விடுப்பு எடுத்தால் இந்த விழுக்காடு எட்டாது என்பதைக் குடும்பத்தாரிடம் முன்பே சொல்லி வைப்பது அவசியம். திருமணமான பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். என்னுடன் படித்தவர்களில் இடையில் நின்றவர்கள் பாடம் கடினமாக இருந்து நிற்கவில்லை. வீட்டிலிருந்து புறப்பட முடியாமல்தான் நின்றார்கள். இந்தப் படிப்பை நாடி வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதால், விடுதி வசதி உள்ள கல்லூரியைத் தேடுவதை வீண் செலவென்று நினைக்க வேண்டியதில்லை.

பாடங்களைப் பொறுத்தவரை, குழந்தை வளர்ச்சி, உடல்நலமும் ஊட்டச்சத்தும், மொழி, தொடக்க நிலை எண்ணறிவு, கலை, கற்றல் துணைக்கருவிகள் என்று பலவும் இருந்தன. ஆனால் இவை அனைத்துக்கும் அடித்தளமாக அமைந்தது, நாங்கள் ரெக்கார்டு நோட்டு என்று சுருக்கமாகச் சொல்லிவந்த உற்றுநோக்கல் பதிவேடு. ஒரு குழந்தையைக் குறிப்பிட்ட நேரம் தள்ளி நின்று பார்த்து, அது செய்ததையும் சொன்னதையும் மட்டும் எழுத வேண்டும். "சுறுசுறுப்பானவன்", "அடம் பிடிப்பவள்", "கவனக்குறைவு" போன்ற சொற்களை எங்கள் பேராசிரியை யாருடைய நோட்டில் கண்டாலும் அடித்துவிட்டு, "இது நீ பார்த்ததா, நினைத்ததா?" என்று ஓரத்தில் எழுதுவார். "மூன்று முறை கட்டையை அடுக்கினான், மூன்று முறையும் சரிந்தது, நான்காவது முறை பெரிய கட்டையை அடியில் வைத்தான்" என்று எழுதினால் ஏற்றுக்கொள்வார். முதல் பருவம் முழுவதும் இந்த வேறுபாட்டிலேயே கழிந்தது என்று சொல்லலாம். இதை ஒரு சடங்காக நினைத்து, முந்தைய ஆண்டு மாணவியரின் நோட்டுகளைப் பார்த்து எழுதியவர்களும் இருந்தார்கள். அவர்கள் மதிப்பெண் பெற்றார்கள். ஆனால் இந்தப் பயிற்சி தரக்கூடிய முதன்மையான திறனை அவர்கள் பெறவில்லை என்றே நான் உறுதியாக நினைக்கிறேன்.

இரண்டு வயது முதல் ஏழு வயது வரையுள்ள பருவத்தில் குழந்தையின் சிந்தனை பெரியவர்களின் சிந்தனையைப் போல இயங்குவதில்லை என்று உளவியலாளர் பியாஜே கூறியதைப் புத்தகத்தில் படிக்கும்போது அது ஒரு வரி. ஒரே அளவான இரண்டு தம்ளர்களில் தண்ணீர் எடுத்து, ஒன்றிலிருப்பதை ஒடுங்கிய உயரமான பாட்டிலில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் கண்ணெதிரே ஊற்றியபோது, "இதுலதான் கூட இருக்கு" என்று அவள் பாட்டிலைத் தயக்கமின்றிக் காட்டினாள். திரும்பத் தம்ளரில் ஊற்றிக் காட்டியபோது சமம் என்றாள். பாட்டிலுக்கு மாற்றியதும் மறுபடியும் கூட என்றாள். தண்ணீரின் அளவு மாறுவதில்லை என்பதை விளக்கிச் சொல்லி அந்த வயதில் ஏற்றிவிட முடியாது என்பதையும், ஊற்றி ஊற்றி விளையாடும் வாய்ப்பைத்தான் நாம் தர முடியும் என்பதையும் நான் அவளிடமிருந்து புரிந்துகொண்டேன்.

துணைக்கருவி செய்யும் பாடத்தில் திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. தெர்மோகோலிலும் மின்னும் காகிதத்திலும் செய்து சுவரில் மாட்டுகிற பொருள்களைவிட, கையில் எடுத்து உருட்டவும் அடுக்கவும் கூடிய பொருள்கள்தான் இந்த வயதுக்கு ஏற்றவை. அம்பாசமுத்திரம் மரச் சொப்புச் சாமான்கள், காருகுறிச்சிக் களிமண், பனையோலைக் கிலுகிலுப்பை, புளியமுத்து, சோழி, பல்லாங்குழி ஆகியவற்றைக் கொண்டே வகைப்படுத்துதல், வரிசைப்படுத்துதல், ஒன்றுக்கொன்று பொருத்துதல் ஆகிய எல்லாச் செயல்பாடுகளையும் நான் வடிவமைத்தேன். இத்தாலியக் கல்வியாளர் மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி அளித்த வரலாற்றைப் படிக்கும்போது, அவருடைய முறைக்குரிய கருவிகள் விலை மிகுந்தவை, நம் கிராமங்களுக்கு எட்டாதவை என்ற ஐயம் வகுப்பில் எழுந்தது. அதற்கு விடையாக எங்களுக்குச் சொல்லப்பட்டது குழந்தைக் கல்வியாளர் தாராபாய் மோடக்கின் பணி. 1945இல் மகாராஷ்டிரத்தின் போர்டியில் கிராமக் குழந்தைகளுக்கான கல்வியைத் தொடங்கிய அவர், அந்தந்த ஊரில் கிடைக்கும் இலை, கல், விதை ஆகியவற்றையே கருவிகளாக்கினார். புளியமுத்து சிறியதாகையால் மூக்கிலோ காதிலோ போட்டுக்கொள்ளும் ஆபத்து உண்டு. மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் இருக்கும் இடத்தில் அதை எடுக்கவே கூடாது.

பயிற்சிப் பணியின் ஒரு பகுதியைத் தனியார் நர்சரி ஒன்றிலும், ஒரு பகுதியைப் பீடி சுற்றும் குடும்பங்கள் மிகுந்த ஊர் ஒன்றின் அங்கன்வாடியிலும் செய்தேன். எனக்கு அதிகம் கற்றுத் தந்தது அங்கன்வாடிதான். 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் மையம் அது என்று படித்திருந்தேன். அங்கு ஒரே பணியாளர் சத்துமாவு வழங்குவது, எடை பார்ப்பது, கர்ப்பிணிகளின் விவரம் எழுதுவது, முன்பருவக் கல்வி நடத்துவது ஆகிய அனைத்தையும் செய்வதை நேரில் கண்டபோது, அந்த அக்காவின் மீது எனக்கு ஏற்பட்ட மரியாதை இன்றும் குறையவில்லை. மூவண்ண நாடாவால் குழந்தையின் மேல் கையின் சுற்றளவை அளந்து, 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு என்று கண்டறிவதை அவர்தான் எனக்குச் செய்து காட்டினார். நாடாவை இறுக்கிவிடாமல் பிடிப்பது புத்தகம் படித்து வராது.

அந்த மையத்தில் நான் உற்றுநோக்குவதற்காக எடுத்துக்கொண்ட சிறுவன் நான்கரை வயதினன். எண்ணச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வான். அவனுக்கு எண் தெரியாது என்று மையத்துப் பதிவில் இருந்தது. ஒரு நாள் மதிய உணவுக்குப் பிறகு, உதிர்ந்த வேப்பிலைகளைப் பொறுக்கி வந்து, சொப்பு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, அவனுடைய அம்மா பீடி சுற்றுவதைப் போலவே ஒவ்வொன்றாகச் சுருட்டத் தொடங்கினான். சுருட்டியவற்றை ஐந்தைந்தாகப் பிரித்து வைத்தான். ஒரு குவியலில் நான்கு இருந்தபோது, தானாகவே இன்னொன்றைச் சுருட்டி அதில் சேர்த்தான். வாய் திறந்து ஒரு எண்ணும் சொல்லவில்லை. பீடியை இருபத்தைந்தாகக் கட்டும் வீட்டில் வளர்ந்த பிள்ளை அவன். எண்ணும் பொருளும் ஒன்றுக்கொன்று பொருந்துவதை அவன் எங்களுக்கு முன்பே அறிந்திருந்தான். தள்ளி நின்று பார்த்து எழுதும் வழக்கம் இல்லாதிருந்தால், இலையைக் கீழே போடு என்று சொல்லியிருப்போம். அன்று எழுதிய பக்கங்களைப் படித்த பணியாளர் அக்கா, அந்தப் பதிவை மாற்றி எழுதினார். அவனுடைய வீட்டுக்குச் சென்றபோது, பீடித் தூள் இருக்கும் இடத்துக்கு அருகில் கைக்குழந்தையைப் படுக்க வைக்க வேண்டாம் என்பதையும் அவர் அந்தத் தாயிடம் நயமாக எடுத்துச் சொன்னார்.

தனியார் நர்சரியில் வேறு வகையான சிக்கல். "பிள்ளைக்கு எழுத்து எப்பம் சொல்லிக் குடுப்பிய, டீச்சர்?" என்பதுதான் வாசலில் நிற்கும் பெற்றோரின் முதல் கேள்வி. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கட்டணம் கட்டியவர்கள் நோட்டில் எழுத்தைத் தேடுவது இயல்பு. ஆனால் மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிற்றெலும்புகளும் மூன்று, நான்கு வயதில் இன்னும் முழுமையாக உருவாகியிருப்பதில்லை. அந்தக் கையில் பென்சிலைத் திணித்துப் பக்கம் பக்கமாக எழுத வைப்பதைவிட, மாவு பிசைவதும் மணி கோப்பதும் காகிதம் கிழிப்பதும் எழுத்துக்கு முறையான ஆயத்தம். 2022இல் வெளியான அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் மூன்று முதல் எட்டு வயது வரை விளையாட்டு வழிக் கற்றலையே முன்வைக்கிறது. இதைப் பெற்றோர் கூட்டத்தில் கொள்கையாகச் சொன்னபோது யாரும் செவிசாய்க்கவில்லை. அவரவர் பிள்ளையைப் பற்றிய பதிவுகளை வாசித்துக் காட்டியபோது, தாய்மார்களும் ஆச்சிமார்களும் அருகில் வந்து அமர்ந்து, இன்னும் என்ன செய்தான், என்ன சொன்னாள் என்று கேட்டார்கள்.

இறுதிச் செய்முறைத் தேர்வில், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் துணைக்கருவிகளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, ரெக்கார்டு நோட்டில் பீடி சுற்றிய சிறுவனின் பக்கத்தைத் திறந்து, அதற்கு அடுத்த வாரம் அவனுக்கு என்ன செயல்பாடு திட்டமிட்டாய் என்று கேட்டார். பார்த்ததை எழுதுவதோடு நில்லாமல், அதிலிருந்து மறுநாள் பாடத்தை எப்படி உருவாக்கினோம் என்பதையும் எழுதி வைத்திருப்பது தேர்வுக்கு மட்டுமன்றி வேலைக்கும் உதவும். நான் வேப்பங்குச்சிகளை ஐந்தைந்தாகக் கட்டும் செயல்பாட்டை எழுதியிருந்தேன்.

வேலைவாய்ப்பைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அங்கன்வாடிப் பணியாளர் நியமனத்துக்கு இந்தப் பட்டயம் கட்டாயத் தகுதியாகக் கேட்கப்படுவதில்லை. 2019இல் தமிழகத்தில் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டபோது, இந்தப் படிப்புக்கு ஒரு வழி திறக்கும் என்று பலர் நம்பினார்கள். ஆனால் அங்கே முதலில் அனுப்பப்பட்டவர்கள், தொடக்கப் பள்ளி வகுப்புகளுக்கான இடைநிலை ஆசிரியர்கள். கட்டாயக் கல்விச் சட்டம் ஆறு வயதிலிருந்து பதினான்கு வயது வரைதான் உரிமை தருகிறது. அதற்கு முந்தைய பருவத்துக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்று மட்டுமே சொல்கிறது. சட்டத்தில் உள்ள இந்த இடைவெளிதான், பயிற்சி பெற்றவர்களுக்கு ஊதியம் குறைவாக இருப்பதற்கும் பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன். தனியார் பள்ளிகளில் வேலை கிடைக்கும். சம்பளத்தையும், வகுப்பில் எத்தனை குழந்தைகள் இருப்பார்கள் என்பதையும், உதவியாளர் உண்டா என்பதையும் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். நான் இப்போது வேலை பார்க்கும் பள்ளியில் இவை மூன்றையும் கேட்ட பிறகு, ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளத் தினமும் அரை மணி நேரம் ஒதுக்கித் தர வேண்டும் என்று நான்காவதாக ஒன்றையும் கேட்டேன். அதற்கு அவர்கள் இசைந்ததால்தான் அங்கே சேர்ந்தேன்.