அனுப்பிவிட்ட பிறகு

எங்கள் சபையின் மிஷனரி குழுவில் கடிதப் பொறுப்பு என்னுடையது. வெளிநாடுகளில் ஊழியம் செய்கிற எங்கள் சபைக் குடும்பங்கள் அனுப்பும் ஜெபக் கடிதங்களைப் படிப்பேன். சபையில் சொல்ல வேண்டியதையும் சொல்லக்கூடாததையும் பிரிப்பேன். பிறகு பதில் எழுதுவேன். பணக்கணக்கு வேறொருவர் கையில் இருக்கிறது. இத்தனை வருடக் கடிதங்களைப் படித்ததில் மனதில் தங்கிவிட்ட சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

மிஷனரிகளை அனுப்பும் ஆராதனை எந்தச் சபையிலும் நன்றாகத்தான் நடக்கும். போதகரும் மூப்பர்களும் தலைமேல் கைவைத்து ஜெபிப்பார்கள், பாதிப் பேர் அழுவார்கள். அதன்பின் சில மாதங்கள் வரை, பார்க்கிறவர்கள் எல்லாரும் "அவர்களிடமிருந்து ஏதாவது சேதி உண்டா?" என்று கேட்பார்கள். இரண்டாம் வருடம் அந்தக் கேள்வி குறையும். மூன்றாம் வருடத்தில், சபைக்குப் புதிதாக வந்தவர்கள் அறிவிப்புப் பலகையில் இருக்கிற படத்தைக் காட்டி, "இவர்கள் யார்?" என்பார்கள்.

போனவர்களுக்கோ அந்த இரண்டாம், மூன்றாம் வருடம்தான் மிகக் கடினம். போன புதிதில் இருந்த உற்சாகம் வடிந்திருக்கும். மொழி பாதிதான் வந்திருக்கும். காய்கறி வாங்க அது போதும், துக்கத்தில் இருக்கிறவரிடம் உட்கார்ந்து பேசப் போதாது. இங்கே விசாரிப்பு குறைகிற அதே நேரத்தில்தான் அங்கே அதன் தேவை கூடுகிறது. சபை தெரிந்தே செய்வதில்லை. ஆனாலும் யாராவது ஒருவர் இதைக் கணக்கில் வைத்து வேலை செய்தாக வேண்டும். எங்கள் குழுவின் முதல் வேலையே இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அப்போஸ்தலர் 13-ம் அதிகாரத்தில் அந்தியோகியா சபை பர்னபாவையும் சவுலையும் உபவாசித்து ஜெபித்து அனுப்பியதைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருப்போம். 14-ம் அதிகாரத்தின் கடைசி வசனங்களை அந்த அளவுக்கு யாரும் எடுப்பதில்லை. போனவர்கள் அந்தியோகியாவுக்கே திரும்பி வருகிறார்கள். சபையைக் கூட்டி, தேவன் தங்களைக்கொண்டு செய்ததைச் சொல்கிறார்கள். பிறகு அங்கே வெகுநாள் தங்கியிருக்கிறார்கள். அந்த 'வெகுநாள்' எனக்கு ரொம்பப் பிடிக்கும். அனுப்பின சபை, களைத்துத் திரும்புகிறவர்கள் தங்கி இளைப்பாறும் இடமாகவும் இருந்திருக்கிறது.

இதை வைத்துத்தான், விடுப்பில் வரும் குடும்பத்துக்கு முதல் மாதம் எந்தக் கூட்டமும் வைப்பதில்லை என்று எங்கள் குழுவில் முடிவெடுத்தோம். மூத்த அண்ணன் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. "காணிக்கை கொடுக்கிறவர்கள் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டாமா தம்பி?" என்றார். நியாயமான கேள்விதான். முகத்தைப் பார்க்கலாம், ஆராதனைக்கு வந்து எல்லாரையும்போல உட்காரட்டும், மேடை மட்டும் இரண்டாம் மாதத்தில் என்று பேசி முடித்தோம். பல் மருத்துவர், இரத்தப் பரிசோதனை, பெற்றோரோடு கொஞ்ச நாள், நிம்மதியான தூக்கம் என்று முதல் மாதம் போய்விடும். போகட்டும்.

பிள்ளைகள் விஷயம் தனி. பெற்றோருக்குத் தாய்நாட்டுக்குத் திரும்பி வருவது ஆறுதல். அங்கேயே வளர்ந்த பிள்ளைக்கோ இதுதான் அந்நிய நாடு. நண்பர்கள் அங்கே, பள்ளிக்கூடம் அங்கே, கனவில் பேசுகிற மொழியும் சில நேரம் அங்கத்தியதுதான். இங்கே வந்ததும், "அந்த ஊர் மொழியில் ஒரு பாட்டுப் பாடு பார்க்கலாம்" என்று மேடையில் ஏற்றிவிடுகிறோம். அந்தப் பிள்ளையின் முகத்தை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். ஞாயிறுபள்ளி ஆசிரியர்களிடம் இப்போது முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்: பாடச் சொல்ல வேண்டாம், பக்கத்தில் உட்கார ஒரு நண்பனைப் பிடித்துக் கொடுங்கள் போதும்.

கடிதங்களில் நான் மிகவும் கவனமாக இருப்பது பாதுகாப்பு. சில நாடுகளில் மிஷனரி விசா என்று ஒன்றே கிடையாது. எங்கள் ஆட்கள் ஆசிரியராக, செவிலியராக, தொழில் செய்கிறவராகப் போய் அந்த வேலையை உண்மையாகவே செய்கிறார்கள். அங்கிருந்து வந்த ஒரு ஞானஸ்நானப் படத்தை யாராவது நல்லெண்ணத்தோடு வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால், விசா போவது சின்னச் சேதம்தான். படத்தில் இருக்கிற உள்ளூர் விசுவாசிக்கு வேறு நாடு கிடையாது. அவர் அங்கேயேதான் வாழ வேண்டும். அதனால் பெயரும் ஊரும் இல்லாத ஒரு தாளை ஜெபக்கூட்டத்தில் கொடுத்து, முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்கிறோம். இதில் சிலருக்கு வருத்தம் இருக்கிறது, ஆனாலும் இந்த ஒழுங்கை விடுவதாக இல்லை.

இனி, என்னை அதிகம் உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். ஜெபக் கடிதங்கள் ஏன் எப்போதும் வெற்றிச் செய்தியாகவே இருக்கின்றன? எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை ஞானஸ்நானம் என்று நாம் கேட்கிறோம். அவர்களும் அதற்குத் தகுந்தபடி எழுதுகிறார்கள். இல்லாத எண்ணை எழுதுவதில்லை, ஆனால் இருக்கிற துக்கத்தை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். எழுதினால் தாங்குதல், அதாவது சபை மாதாமாதம் அனுப்பும் பண உதவி, குறைந்துவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது.

இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்த மிஷனரி வில்லியம் கேரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1792 அக்டோபர் 2-ம் தேதி இங்கிலாந்தின் கெட்டரிங்கில் சிலர் கூடி ஒரு மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அன்றைக்கு வாக்களிக்கப்பட்ட காணிக்கை 13 பவுண்டு 2 ஷில்லிங் 6 பென்ஸ். அந்தச் சங்கம் அனுப்பி, அடுத்த வருடமே கேரி வங்காளத்துக்கு வந்துவிட்டார். வங்காளிகளில் முதலாவதாக கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பர் கடைசியில். நடுவில் ஏழு வருடம். மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை, அதில் ஓர் எண் என்று கேட்டிருந்தால் அந்த ஏழு வருடத்தில் அவர் எதை எழுதியிருப்பார்? அதற்குள் 1794-ல் அவருடைய ஐந்து வயது மகன் பீட்டர் இறந்துபோனான். மனைவி டாரதியின் மனநலம் கெட்டு, 1807-ல் சாகும்வரை தேறவே இல்லை. இது கேரியின் வாழ்க்கைக்கு ஓரத்தில் நடந்த விஷயம் அல்ல. அவர் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த அதே வீட்டில் நடந்தது.

கேரியை அனுப்பிவிட்டு இங்கிலாந்திலேயே இருந்தவர்களில் ஆண்ட்ரூ ஃபுல்லரை மறக்கக்கூடாது. ஆழமான சுரங்கத்துக்குள் ஒருவர் இறங்க, மற்றவர்கள் மேலே நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்வதுபோல என்று இந்த ஊழியத்தை அவர் வர்ணித்தார். 1815-ல் இறக்கும்வரை அந்தச் சங்கத்தின் செயலாளராக இருந்து, ஸ்காட்லாந்து வரைக்கும் திரும்பத் திரும்பப் போய்க் காணிக்கை திரட்டினார். அவ்வளவையும் ஒரு சபையின் போதகராக இருந்துகொண்டே செய்தார். என்னைப்போலக் கடிதப் பொறுப்பில் இருக்கிறவர்களுக்கு அவர் ஒரு பெரிய தைரியம்.

எண்ணிக்கையைப் பற்றி நான் இப்போது கேட்பதில்லை. தூக்கம் வருகிறதா, கடைசியாக எப்போது மனம்விட்டுச் சிரித்தீர்கள், வீட்டில் இரண்டு பேரும் பேசிக்கொள்கிறீர்களா, இவ்வளவுதான். ஒரு அக்கா வெகுநாள் கழித்து எழுதினார்: "இந்த வருடம் ஒருவர்கூட வரவில்லை. எனக்கு ஜெபிக்கவே வரவில்லை." அவர் அனுமதியோடு, பெயர் சொல்லாமல், அதை ஜெபக்கூட்டத்தில் வாசித்தோம். பின்வரிசையில் உட்கார்ந்து வாய்திறக்காமலே போகிற ஒருவர் அன்றைக்கு எழுந்து, "எனக்கும் அப்படித்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அந்த அக்காவுக்காக ஜெபித்தார். தாங்குதல் குறையவில்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருமுறை நிர்ணயித்த தொகையை அப்படியே விட்டுவிடக் கூடாது. நாணய மதிப்பு விழுந்தால் அதே தொகைக்கு அங்கே வாடகைகூடக் கட்ட முடியாமல் போகும். வருடா வருடம் பார்க்க வேண்டும். மருத்துவக் காப்பீடு, முதுமைக்கான சேமிப்பு இரண்டையும் முதல் நாளிலிருந்தே சேர்க்க வேண்டும். துரோவாவில் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவா, புஸ்தகங்களையும் கொண்டுவா, மாரிகாலத்துக்கு முன்னே வந்துவிடு என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். குளிருக்கு ஒரு மேலங்கி வேண்டும் என்று கேட்க அவர் வெட்கப்படவில்லை. நம்முடைய ஆட்களும் வெட்கப்படாமல் கேட்கிற நிலையை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

பிறகு, இங்கே விட்டுப்போன பெற்றோர். ஓர் அம்மாவுக்குக் கண் அறுவைசிகிச்சை வந்தபோது சபைப் பெண்கள் முறைபோட்டு உடன் இருந்தார்கள். கட்டுப் பிரித்த அன்று எடுத்த படத்தை மகனுக்கு அனுப்பினேன். ஊழியத்துக்கென்று நாங்கள் அனுப்பிய எந்தத் தொகைக்கும் அவரிடமிருந்து அப்படி ஒரு பதில் வந்ததில்லை. மகனை அனுப்பியதில் சபைக்கு இருக்கிற பங்கைவிட அந்த அம்மாவின் பங்கு பெரிது.

இப்போது ஒரு குடும்பம், நினைத்ததைவிடச் சீக்கிரமாகவே திரும்பி வருகிறது. உடல்நலம்தான் காரணம். "பாதியில் வந்துவிட்டார்கள்" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. பிலிப்பி சபை பவுலிடம் அனுப்பின எப்பாப்பிரோதீத்துவும் மரணத்துக்குச் சமீபமாக வியாதிப்பட்டு ஊருக்குத் திரும்பினவர்தான். அவரைச் சந்தோஷத்தோடு ஏற்றுக்கொண்டு கனம்பண்ணுங்கள் என்று சபைக்குச் சொல்லியே பவுல் அனுப்புகிறார். அதனால் வருகிறவர்களுக்கு வீடு பார்த்தாயிற்று, பிள்ளைகளுக்குப் பள்ளியில் பேசியாயிற்று. வேலை கிடைக்கும்வரை மாதத் தாங்குதலை நிறுத்துவதில்லை என்று குழுவில் எழுதியும் வைத்திருக்கிறோம்.

உங்கள் சபையிலிருந்து யாராவது தூரதேசத்தில் இருந்தால், இந்த வாரம் அவர்களுக்கு நாலு வரி எழுதுங்கள். உங்கள் வீட்டுச் சேதியாகவே இருக்கட்டும். கடைசியில், "பதில் எழுத வேண்டிய அவசியம் இல்லை" என்று சேர்த்துவிடுங்கள்.