மாலை வகுப்பு: மாசசூசெட்ஸ் நாட்குறிப்பு

2024 செப்டம்பர் 11, புதன்

முதுகலைப் படிப்பின் முதல் வகுப்பு. வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கான படிப்பு. பாதிப் பேர் பகலெல்லாம் பள்ளியில் நின்றுவிட்டு நேரே வருகிறவர்கள். பேராசிரியை பேசப் பேச சாண்ட்விச் பிரித்துச் சாப்பிடுகிறார்கள், அவரும் கண்டுகொள்வதில்லை.

இலக்கணத்தில் ஆரம்பிப்பார்கள் என்று போனால் கோர்ட்டில் ஆரம்பித்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் தெரியாத சீன மாணவர்கள் சார்பில் போடப்பட்ட லாவ் வழக்கு, 1974. எல்லாருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் என்பது மட்டும் சமத்துவம் ஆகாது என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். 1981-இல் டெக்சஸின் காஸ்டனேடா வழக்கு இன்னும் கறாரானது, மூன்று கேள்வி கேட்டது. பள்ளியின் ஆங்கிலத் திட்டத்துக்குப் பின்னால் உருப்படியான கொள்கை உண்டா, அதை நடத்த ஆளும் வசதியும் உண்டா, பிள்ளைகள் நிஜமாகவே தேறுகிறார்களா? அந்த நடுக் கேள்விக்குத்தான் நாங்கள் ராத்திரியில் உட்கார்ந்து படிக்கிறோம்.

அக்டோபர் 2, புதன்

இந்த மாநிலத்தின் கதை. 2002-இல் மக்கள் ஓட்டுப் போட்டு இருமொழி வகுப்புகளைப் பெரும்பாலும் மூடிவிட்டார்கள். எல்லாப் பாடமும் ஆங்கிலத்திலேயே. சரி, அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் எடுக்கிறவர்களுக்குத் தனிப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும் என்ற விதி எப்போது வந்தது? 2012-இல்! இடைப்பட்ட வருஷங்களில் எத்தனை பிள்ளைகள் பள்ளியை முடித்தே போயிருப்பார்கள். 2017-இல் சட்டத்தைத் தளர்த்தி, இருமொழி வகுப்பு நடத்தலாம் என்றார்கள்.

நவம்பர் 14, வியாழன்

ஃப்ரேமிங்ஹாமில் ஐந்தாம் வகுப்பில் பயிற்சி. ஊரில் பிரேசில்காரர்கள் அதிகம், தாழ்வாரமெல்லாம் போர்த்துகீசியம். ஒரு பையன் இடைவேளையில் கால்பந்து பற்றி ஆங்கிலத்தில் வெளுத்துக்கட்டுகிறான். அறிவியல் வகுப்பில், கிண்ணத்துத் தண்ணீர் எங்கே போனது என்று கேட்டால் கையை மேலே தூக்கி ஆட்டிக் காட்டுகிறான். விஷயம் தெரிகிறது. எழுதச் சொன்னால் தாள் காலி.

என் வழிகாட்டி ஆசிரியை பாதி வாக்கியங்களைப் பலகையில் எழுதினார்: ‘வெயில் பட்டதும் தண்ணீர்...’, ‘அதனால் கிண்ணத்தில்...’. பக்கத்துப் பையனிடம் முதலில் போர்த்துகீசியத்தில் பேசிக்கொள்ள விட்டார். அப்புறம் நாலு வரி வந்தது. மூன்றில் பிழை, நாலிலும் அறிவியல் சரி.

டொராண்டோவின் மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் சொன்னது இதைத்தான். பேச்சு ஆங்கிலம் இரண்டு வருஷத்தில் வந்துவிடும், பாட ஆங்கிலத்துக்கு ஐந்து முதல் ஏழு வருஷம் ஆகும். தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் இயற்பியலை ஆங்கிலத்தில் எழுதிய எனக்கு இதற்கு ஆய்வே தேவையில்லை. நன்றாகப் பேசுகிறானே என்று உதவியை நிறுத்துவதுதான் பள்ளிகளில் நடக்கும் பெரிய அநியாயம்.

2025 ஜனவரி 16, வியாழன்

ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் எவ்வளவு தேறியிருக்கிறார்கள் என்று அளக்கும் ஆக்சஸ் தேர்வு நடக்கிறது. கேட்டல், பேசல், வாசித்தல், எழுதுதல் என நாலு பகுதி, ஒன்று முதல் ஆறு வரை நிலை. தேர்வை நடத்த ஆங்கில ஆசிரியைகளையே இழுத்துக்கொள்வதால் அவர்கள் வகுப்பு நின்றுபோகிறது. பிள்ளை எவ்வளவு கற்றான் என்று அளக்க, கற்பிப்பதை நிறுத்த வேண்டியிருக்கிறது. நம்மூர் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

பிப்ரவரி 6, வியாழன்

கணக்கு ஆசிரியர் தானாகவே வந்து, பின்னப் பாடத்துக்கும் அந்த மாதிரிப் பாதி வாக்கியங்கள் எழுதித் தர முடியுமா என்றார். செமினார் கட்டுரை பாக்கி கிடக்கிறது, கிடக்கட்டும். செவ்வாய்க்கிழமை அவருடைய ஓய்வு பீரியடில் உட்காருகிறோம்.